மேசைக்கு வந்த மந்து

"இன்னைக்காவது கிளம்புவாங்களா?" சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு நீலாப் கிசுகிசுத்தாள்.

"மெதுவாப் பேசு. காதுல விழுந்தா சித்தப்பா மானம் போயிடும்," என்றான் ராமீன்.

பிராங்க்பர்ட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன்கள் என்று பதினோரு பேர் இருக்கும் வீடு. கல்யாணமாகி இருவரும் தனியாக ஒரு தேநீர் குடித்ததில்லை. துருக்கிக்குப் புறப்பட்ட பசீர் சித்தப்பா, "ஹாம்பர்க் வீடு காலியாத்தான் இருக்கும். சாவி பூந்தொட்டிக்கு அடியில," என்றதும் ஓடி வந்திருந்தார்கள். முதல் மாடிக் கதவோரம் ஒரு பூந்தொட்டி இருந்தது, அதற்கு அடியில் சாவியும் இருந்தது.

வந்த மறுநாளே, பெட்டியும் கையுமாக ஒரு வயதான தம்பதி. கஃபூர், மஸ்தூரா என்று பெயர் சொன்னார்கள். மணிகூட அடிக்கவில்லை, சாவி போட்டுத் திறந்தார்கள். சித்தப்பா ஊருக்கெல்லாம் சாவி கொடுத்திருக்கிறார் என்று நீலாப் பல்லைக் கடித்தாள்.

விருந்தாளியிடம் போய், எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள் என்று கேட்க ஒரு காபூல்காரனுக்கு நா எழுமா?

வந்தவர்கள் படுக்கையறை வேண்டவே வேண்டாம் என்று கூடத்து மெத்தையில் படுத்துக்கொண்டார்கள். ஆனால் கஃபூரின் குறட்டைக்குச் சுவர் ஒரு பொருட்டில்லை.

ராமீன் வேறு சும்மா இருக்கவில்லை. "கூச்சப்படாதீங்க ஐயா, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க," என்றான். கஃபூருக்குத் தேநீர் புரையேறியது.

அவர்கள் வந்த நான்காம் நாள் மஸ்தூரா மாவுக்குள் கறி வைத்து, கொழுக்கட்டை மாதிரி மந்து அவித்தாள். ஆவி பறக்கும் தட்டு மேசைக்கு வந்தது.

"இன்னும் ரெண்டு வச்சுக்க மகளே. காத்தடிச்சா பறந்துடுவ போல."

நாளை பிராங்க்பர்ட். மறுபடியும் பதினோரு பேர். நீலாப் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எப்பக் கிளம்புறீங்க?"

ராமீன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கஃபூர் மனைவியைப் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சுவிட்டார். "அப்பாடா! நாலு நாளா உங்ககிட்ட இதைக் கேக்கத்தான் எங்களுக்கு வாய் வரல."

மஸ்தூரா நீலாப்பின் தட்டில் இன்னும் இரண்டு மந்து வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போகலாம் மகளே. பசீர் வீடு எங்க வீட்டுக்கு மேல் மாடிதான்."