ஒரே வீட்ல வைக்காதீங்க

"அஞ்சு வருஷப் போட்டோவையும் ஒரே டிஸ்க்ல போட்டு வைக்கச் சொன்னது யாரு?"

பல் டாக்டரின் மனைவி கேட்ட கேள்வி, கம்ப்யூட்டர் கடையின் கடைசி அலமாரி வரை போய்த் திரும்பியது. கண்ணாடி மேஜை மேல் கிடந்த ஹார்டு டிஸ்க், ஒயரைச் செருகினால் நாலு முறை 'டிக் டிக்' என்றுவிட்டு அடங்கிப்போனது.

"போன்ல இடம் பத்தலைன்னு நீதானே சொன்னே? அதான் எல்லாத்தையும் இதுக்கு மாத்தினேன்," என்றார் டாக்டர்.

"மாத்தச் சொன்னேன். தொலைக்கவா சொன்னேன்?"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். பதினாறு வருடமாக டிஸ்க் விற்கிறவர். பேக்கப் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்.

"டாக்டர், வர்றவங்க எல்லாரையும் ரெண்டு வேளை பல் தேய்க்கச் சொல்றீங்க. இதுக்கு ரெண்டாவதா ஒரு காப்பி எடுக்கத் தோணலையா? சாகாத டிஸ்க்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. பிரிச்சுப் பாக்கற ஆளுக்கு அனுப்பறேன். கிடைச்சா உங்க அதிர்ஷ்டம்."

டாக்டரின் மனைவி அடுத்த சுற்றுக்கு மூச்சு இழுத்தபோது, கண்ணாடி போட்ட ஒருவரும் ஒரு பெண்ணும் உள்ளே வந்தார்கள். இருவருக்கும் நாற்பதுக்குள்தான் இருக்கும்.

"வீட்டு வீடியோ, போட்டோ எல்லாம் வைக்கணும். நம்பகமா நாலு டெராபைட் டிஸ்க் வேணும்," என்றார் கண்ணாடிக்காரர். "ரெண்டு குடுங்க."

"ரெண்டா?" கடைக்காரரின் முகம் மலர்ந்தது.

"ஆமா. ஒண்ணுல இருக்கறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கணும்," என்றாள் கூட வந்தவள்.

"கேட்டுக்கிட்டீங்களா டாக்டர்?" என்றபடி கடைக்காரர் இரண்டு ரகத்தை எடுத்து வைத்தார். "இது விலை கம்மி, ரெண்டு வருஷ வாரன்டி. இது கொஞ்சம் கூட. ஆனா ராப்பகலா ஓடறதுக்குன்னே செஞ்சது, அஞ்சு வருஷம்."

கண்ணாடிக்காரர் கூட வந்தவள் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

"அஞ்சு வருஷமே இருக்கட்டும். உங்களுக்குச் சரிதானே?"

"சரிதான்."

டாக்டரின் மனைவி கணவரை முழங்கையால் இடித்தாள். "பொண்டாட்டியை நீங்க வாங்கன்னு எவ்வளவு மரியாதையாப் பேசறார் பாருங்க."

"அந்தம்மா குரலே வெளியில கேக்கலை. அதையும் பாரு," என்றார் டாக்டர்.

கடைக்காரருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஒரே நாள்ல செஞ்ச டிஸ்க் ரெண்டும் ஒரே சமயத்துல மண்டையைப் போடலாம். வேற வேற பேட்ச்ல பாத்துத் தரேன்."

"பேட்ச் வேறயா இருக்கலாம். ஒண்ணு ஒசத்தி, ஒண்ணு மட்டம்னு மட்டும் இருக்கக் கூடாது," என்றாள் அவள்.

கண்ணாடிக்காரரும் அதற்குத் தலையாட்டினார். கடைக்காரர் இரண்டையும் ஓட்டிக் காட்டினார். இருவரும் திரையைப் பொறுமையாகப் பார்த்தார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசவே இல்லை.

"கடைசியா ஒண்ணு. ரெண்டையும் ஒரே வீட்ல வைக்காதீங்க. தீப்பிடிச்சாலும் திருடு போனாலும் ரெண்டும் சேந்து போயிடும்," என்றார் கடைக்காரர்.

"வைக்க மாட்டோம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "டாக்டர், பேக்கப்பை விடுங்க. குடித்தனம் பண்றது எப்படின்னே இவங்களைப் பாத்துத்தான் கத்துக்கணும்."

டாக்டரின் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைக்காதீங்க. எதுக்குமே சண்டை வராம எப்படிங்க ரெண்டு பேரும் இப்படிப் பேசறீங்க?"

அவள் ஒரு டிஸ்க்கை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வருஷமா வக்கீலுங்க முன்னாடி பேசிப் பேசிப் பழகிடுச்சுங்க, இன்னிக்குக் காலைலதான் தீர்ப்பு வந்தது. வீடு, கார், சட்டி பானை வரைக்கும் பிரிச்சுக் குடுத்துட்டாங்க. எங்க பொண்ணு முதல் தடவை எழுந்து நடந்ததை மட்டும் எப்படிப் பிரிக்கறதுன்னு ஜட்ஜுக்கே தெரியலை."