வெயிலில் பார்த்த நிறம்

பெண் பார்க்க வந்த மலையம்மாளுக்கு டியூப்லைட் மேல் நம்பிக்கை கிடையாது.

"அதுல எல்லாருமே வெள்ளைதான். பொண்ணை வெயிலுக்கு வரச் சொல்லுங்க."

நிறம் பார்ப்பதில் அவளை மிஞ்ச சிவகங்கை மாவட்டத்திலேயே ஆளில்லை. பள்ளியில் இயற்பியல் நடத்தும் சத்தியப்பிரியா, காரைக்குடி உச்சிவெயிலில் வந்து நின்றாள்.

மலையம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். "வெயில்லயும் கறுப்புதான். எம் மகன் தங்க நிறம், பொருந்தாது. சொவத்துக்கும் சுண்ணாம்பு அடிக்கல. காப்பியிலயும் பாலு இல்ல."

"அத்தை, என்மேல பட்ட வெளிச்சம் திரும்பி உங்க கண்ணுக்கு வந்தாத்தான் நிறம் தெரியும்" என்றாள் சத்தியப்பிரியா, வகுப்பெடுக்கும் குரலில். "நீங்க நடுவுல மறிச்சுல்ல வச்சிருக்கீக? கண்புரை ஆபரேசனுக்குக் குடுத்த கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க."

"டாக்டர் இன்னைக்குக் கழட்டலாம்னாரும்மா" என்றான் மகன் பாண்டிமுருகன்.

"அதுக்கு முன்னாடி புரை இருந்தப்ப எல்லாமே மஞ்சளாத்தான் தெரிஞ்சிருக்கும்" என்றாள் சத்தியப்பிரியா.

மலையம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. பெண் நல்ல மாநிறம். பெருமையாக மகன் பக்கம் திரும்பியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டா பாண்டி, நீ எப்படா இப்பிடிக் கறுத்துப் போன?"