கைத்தண்ணி

"நம்ம கைத்தண்ணி அந்த நர்சம்மாவுக்கு ஆகாதாம் மச்சான்! சொதந்திரம் வந்து பத்து வருசமாச்சு, இன்னும் இந்தப் புத்தி போகலையே!"

ஜுனைதா குரலை அடக்கவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் பேசினாள்.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. கீழக்கரையில் அவள் வீட்டு வாசலை மிதித்த யாரும் வாய் நனைக்காமல் போனதில்லை. புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து நர்ஸ் சேதுலட்சுமிக்கும் ஏதாவது நீட்டிப் பார்க்கிறாள். காப்பி, இளநீர், பதநீர். எதை நீட்டினாலும் ஒரே பதில்தான்.

"தாகமில்லக்கா."

சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை கொதிக்கிறது. விடிந்ததிலிருந்து உட்காராமல் ஓடுகிறவளுக்குத் தாகமில்லையாம்! கேப்பையில் நெய் வடிகிறது என்றால் ஜுனைதா நம்பிவிடுவாளா?

இன்றைக்கு நன்னாரி சர்பத். கூஜாவில் கொண்டுவந்து, வெள்ளித் தம்ளரில் ஊற்றி நீட்டினாள். அதற்கும் "தாகமில்லக்கா" என்று சிரித்துவிட்டு சேதுலட்சுமி வெளியே போய்விட்டாள்.

"பண்டத்தை வீணாக்கலாமா?" என்று ஜுனைதா கட்டிலோரத்தில் உட்கார்ந்தே அதைக் குடித்து முடித்தாள். ருசியாக இருந்தது. இன்னொரு தம்ளரும் ஊற்றிக்கொண்டாள்.

கட்டிலில் கிடந்த புருஷன் காதர் மைதீன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா, ஒங்களுக்கே பொறுக்கல!"



அவருக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. கொண்டுவந்தபோது உடம்பெல்லாம் நீர் கோத்து, கண் திறக்க முடியாமல் முகம் ஊதிக் கிடந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. குடிக்கிற தண்ணீரைக் குறைக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தண்ணீருக்குக் காவல் சேதுலட்சுமிதான். மருந்து கிளாசில் அளந்து வாய் வாயாகத்தான் கொடுப்பாள். கெஞ்சினால் ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிடுவாள். அவருக்குப் பிரிகிற நீரையும் முகம் சுளிக்காமல் அளந்து பார்ப்பாள்.

"தவிச்ச வாய்க்கும் தண்ணி தர மாட்டா, நாம குடுக்குறதையும் தொட மாட்டா. என்ன பொம்பளையோ! வாங்க மச்சான், வீட்டுக்குப் போயிருவோம். வண்டி கொண்டாரச் சொல்றேன்."

"போனா மவுத்தாயிருவேன் புள்ள."

"ஏன், வீட்டுல ஒங்கள நான் பாக்க மாட்டேனா?"

"நீ நல்லாத்தான் பாப்ப. ஆனா நான் தண்ணி கேட்டா, நீ குடுத்துருவ."

 ஜுனைதாவுக்குக் கோபம் அடங்கவில்லை. கூஜாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"நாக்கைப் புடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்."

வார்டுக்குப் பின்பக்கம் ஒரு வேப்பமரம், அதனடியில் தண்ணீர்ப் பானை. ஆயா லத்தீபா செம்பில் மொண்டு ஊற்ற, சேதுலட்சுமி குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள். தாகமில்லாதவள் குடிக்கிற குடியா அது! செம்பு காலியானதும் மறுபடியும் கையை ஏந்தினாள்.

"லத்தீபா கையால எறங்குது, என் கையால மட்டும் எறங்காதோ?"

சேதுலட்சுமி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவசரமாக வார்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. பாய்க்குக் கேட்டுரும்."

"கேட்டா என்ன?"

சேதுலட்சுமி ஜுனைதாவின் முன்னால் கையை ஏந்தினாள்.

"அந்தச் சர்பத்தை ஊத்துங்கக்கா. வாசம் பிடிச்சதிலேருந்து நாக்கு ஊறிக்கிட்டுத்தான் இருக்கு."

ஜுனைதா திகைத்துப் போய் ஊற்றினாள். கூஜாவில் இருந்ததெல்லாம் தீருகிறவரை அவள் குடித்தாள்.

"அப்ப உள்ள வச்சு ஏன் வேணாம்னீங்க?"

"நாள் பூரா 'ஒரு வாய் தண்ணி, ஒரு வாய் தண்ணி'ன்னு கெஞ்சுற மனுசன். நான்தான் அவருக்கு இல்லேங்கிறேன். அவரு கண்ணு முன்னால நான் எப்படிக்கா குடிப்பேன்?"

லத்தீபா குறுக்கே புகுந்தாள்.

"இந்தப் பானைகூட வார்டு வாசல்லதான்மா இருந்துச்சு. ஒங்க வீட்டுக்காரக வந்த அன்னைக்கு நர்சம்மாதான் இங்கன தூக்கியாந்து வச்சாக."

 யா அல்லா, இப்படியும் ஒரு மனசைப் படைச்சிருக்கியா என்று ஜுனைதா அவளைப் பார்த்தபடியே நின்றாள். கையெடுத்துக் கும்பிடலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

அதோடு அந்த வெள்ளித் தம்ளர் நினைவுக்கு வந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்ட முதுகும் நினைவுக்கு வந்தது. இத்தனை நாளில் ஒரு வார்த்தை சொன்னாரா மனுசன்! 

காலிக் கூஜாவை லத்தீபாவிடமே கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். வெள்ளித் தம்ளரை எடுத்துப் பைக்குள் ஒளித்தாள். பனையோலை விசிறியை எடுத்து வீச ஆரம்பித்தாள். உச்சிவெயில் ஏறி, வார்டே அடுப்பாகக் காய்ந்தது. வெயில் சாய்ந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கிறவரை இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

காதர் மைதீன் மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன புள்ள, ஒதடெல்லாம் காஞ்சு கெடக்கு? நீயாச்சும் ஒரு வாய் தண்ணி குடியேன்."

ஜுனைதா விசிறியை நிறுத்தாமல் சொன்னாள்:

"தாகமில்ல மச்சான்."