பட்டாசுக்காய்ச் செடிக்கு வந்த புதுப் பெயர்

கொல்லையில் பட்டாசுக்காய்ச் செடி, தன் அடியில் கிடந்த ரயில் பூச்சியை எழுப்பியது.

"யாரு வர்றா பாரு! நம்ம பூங்கொடி. சின்னப் பிள்ளையில எச்சில் தொட்டு என் காயை வெடிக்க வைப்பாளே!"

"என்னைத் தொட்டுத் தொட்டுச் சுருள வைப்பாளே, அவளா? என்னமா வளர்ந்துட்டா!"

பூங்கொடி குனிந்து, செல்போனில் செடியைப் படம் பிடித்தாள். போன், வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொல்லி, "களைச்செடி" என்றது.

"என்னைப் பத்தி அதுகிட்டயா கேக்குறா?" என்றது செடி.

அவள் தண்டைப் பிடித்து இழுத்தாள். வேர் அசைந்தது. குளித்துவிட்டுத் துவட்டாத தலைமுடியிலிருந்து ஒரு சொட்டு, முற்றிய காயின் மேல் விழுந்தது.

டப்! விதை அவள் கன்னத்தில் தெறித்தது.

பூங்கொடி தண்டை விட்டாள். வேரடி மண்ணை அழுத்திச் சரிசெய்தாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு, அடுத்த காயில் வைத்தாள்.

டப்!

"அண்ணா, ஓடி வா! பட்டாசுக்காய்!" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

ரயில் பூச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் விரலருகே அவசரமாக ஊர்ந்து போய், அவள் தொடும் முன்பே சுருண்டுகொண்டது.