கரும்பல் உச்சியில் ஒரு கூட்டல் குறி

“எழுபத்திரண்டு வயசு. ஒரு முழங்கால் இரும்பு. பையில ஒரு துண்டு பாலாடைக்கட்டி. போன செவ்வாக்கிழமை தனியாளா கரும்பல் உச்சிக்கு ஏறி, மத்தியானச் சூப்பு ஆறுறதுக்குள்ள இறங்கிட்டேன்” என்றார் டூரி.

வழியில் ஒரு மலையாடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதாம். பாவம் என்று அதற்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாராம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஊரே விடுதியில் பார்லி சூப்புக்கு உட்கார்ந்திருந்த நேரம். எழுந்த சிரிப்பில் எதிர்ச் சரிவில் இரண்டு இடங்களில் பனி சரிந்தது. மூன்றாவது இடத்திலும் சரிந்ததா என்பதில்தான் ஊருக்குள் இன்னும் தகராறு.

டூரி இதுவரை சொன்ன பொய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கரும்பல் மலையைவிட ஒரு முழம் உயரமாக வரும். ஆனாலும் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஃப்ளோரின். ஐம்பது வருஷமாக டூரியின் கயிற்றில் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறியவர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃப்ளோரினின் இதயம் தகராறு செய்தது. இனி மலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, நீ இல்லாமல் கரும்பலில் கால் வைக்க மாட்டேன் என்று டூரி சத்தியம் செய்தார். ஆம்பிளைகளை முந்திக்கொண்டு மலையேறியவளான ஃப்ளோரினின் மனைவி மெங்கியாவும் அதே சத்தியத்தைச் செய்தாள். செய்ததோடு நிற்காமல், வீட்டுக்கு வந்ததும் தன் மலைக் கயிற்றை வெட்டித் துணி காயப்போடக் கட்டிவிட்டாள்.

ஆகவே டூரி சொன்னது பொய்யென்றால் சிரித்துவிட்டுச் சூப்பைக் குடிக்கலாம். நிஜமென்றால் ஐம்பது வருஷம் போயிற்று.

“சொல்லுடா. என்னை விட்டுட்டா போன?” என்றார் ஃப்ளோரின்.

டூரி சூப்பில் மிதந்த பார்லியை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

மெங்கியாதான் குறுக்கே விழுந்தாள். திங்கட்கிழமை ஏரிக்கரை ஊரிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய், வியாழக்கிழமைதான் திரும்பியிருந்தாள். தினமும் படகுச் சவாரியாம். முகம் தக்காளியாகியிருந்தது, தாடைக்கு அடியில்கூடத் தோல் உரிந்துகொண்டிருந்தது.

“இவனாவது ஏறுறதாவது. எங்க வீட்டு மாடிப்படியில நடுவுல ரெண்டு தடவை உக்காந்து எந்திரிக்கிறவன். வழுக்குச் சுவர்ல கீழ ஒருத்தர் கயிறு பிடிக்காம ஈகூட ஏறாது. தனியாப் போனானாம், தனியா.”

நியாயமான பேச்சு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் அந்த வழுக்குச் சுவரில் தனியாளாக ஏறியவர் எங்கள் ஊரில் இதுவரை பிறக்கவில்லை. ஏறுகிறேன் என்று போன இரண்டு பேர் திரும்பவும் இல்லை. ஃப்ளோரின் பெருமூச்சு விட்டுக் கரண்டியை எடுத்தார். இன்னும் நாலு வாய் போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

அப்போது பார்த்து மலைக் குடிலின் காவல்காரன் ரேட்டோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். கையில் கரும்பல் உச்சிப் புத்தகம். உச்சியில் நட்டிருக்கும் சிலுவையின் அடியில், தகரப் பெட்டியில் கிடக்கும் அந்தப் புத்தகத்தில், ஏறியவர்கள் எல்லாரும் பேரெழுதிவிட்டுத்தான் இறங்குவார்கள். அது நிரம்பினால் புதியதை வைத்துவிட்டு, பழையதை விடுதி மேஜையில் கொண்டுவந்து விரிப்பான். இந்த முறை சனிக்கிழமையே நிரம்பிவிட்டதாம்.

சூப்பு ஆறுது, புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கலாம் என்றாள் மெங்கியா. அதற்குள் ஃப்ளோரின் அதைத் தன் பக்கம் இழுத்துவிட்டார்.

பக்கத்துக்குப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும்தான். ஒரே கயிற்றில் ஏறியவர்கள் ஒரே வரியில், நடுவில் கூட்டல் குறி போட்டு எழுதவேண்டும் என்பது எங்கள் வழக்கம். ‘டூரி + ஃப்ளோரின்’ என்பது அந்த உச்சியில் சிலுவைக்கு அடுத்தபடி பழைய சங்கதி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது நின்றுபோயிருந்தது.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஃப்ளோரினின் விரல் நின்றது. போன செவ்வாய்க்கிழமை. மாட்டுக் குளம்படி பதிந்தாற்போன்ற டூரியின் கையெழுத்து.

‘டூரி +’

அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வெற்றுத்தாள்.

விடுதியில் கரண்டிகள் நின்றன. புத்தகம் டூரியின் தலைக்குப் பறக்கப்போகிறது என்று பக்கத்திலிருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். ஆனால் ஃப்ளோரின் அந்தக் கூட்டல் குறியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

“நீ போனது துரோகம்தான்டா. ஆனா அங்க போயும் உன் பேரை மட்டும் எழுத உனக்குக் கை வரலியே. எனக்கு இடம் விட்டிருக்கியே.”

பிறந்ததிலிருந்து வாய் மூடாத டூரி கரண்டியை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தலையை நிமிர்த்தவில்லை.

ஃப்ளோரின் சட்டைப்பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றி, கூட்டல் குறிக்குப் பக்கத்தில் முனையை வைத்தார்.

மெங்கியாவின் கை நீண்டு அந்த வெற்றிடத்தை மூடிக்கொண்டது.

“அங்க எழுதாத, ஃப்ளோரின். அவன் ஏறினது நெசம். மறுமுனையில கட்டியிருந்தது நான்தான்.”