சாக்பீஸ் தடவிய நாடா

சுரங்கத்துக்குக் கூடுதல் மின்சாரம் தர, ஆற்று மதகிலிருக்கும் நீர்மின் நிலையத்தை விரிவாக்கப் போகிறார்கள். அதற்கு முன் சுற்றுவட்டக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து வைப்பது என் வேலை. முறை எளிது. இரும்பு நாடாவில் சாக்பீஸைத் தடவி இறக்கினால், நனைந்த இடத்தில் வெண்மை மங்கும். நனையாத இடத்தில் அப்படியே நிற்கும். இரண்டும் சேரும் கோடுதான் நீர்மட்டம்.

காத்தாயியின் கிணறு, அந்த நிலையத்துக்காக வெட்டவிருக்கும் புது வாய்க்கால் போகும் பாதையில் இருந்தது. அளந்து முடித்ததும் தூர்த்துவிடுவார்கள். புது ஆட்சி வந்த வருஷம், குத்தகைத் தகராறில் அவள் கணவர் காணாமல் போனார். பாதாளக்கரண்டி போட்டுத் தேடியும் இந்தக் கிணற்றில் எதுவும் சிக்கவில்லை.

நாடாவை மேலே இழுத்தேன். கோட்டுக்குச் சற்று மேலே, உலர்ந்த வெண்மையில் விரல் தடங்கள்.

"என் கை பட்டிருக்கும்" என்றேன்.

"பேனா பிடிக்கிற கைக்கு இம்மாம் பெரிய விரலா, தம்பி?" என்று சிரித்தாள் காத்தாயி.

துடைத்து, மறுபடி தடவி இறக்கினேன். இம்முறை தடங்கள் இன்னும் மேலேறி, நான் பிடித்திருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே வரை வந்திருந்தன.

மூன்றாம் முறை இறக்கியபோது நாடா கனத்தது. காத்தாயி அதை என்னிடமிருந்து வாங்கி, ராட்டினக் கட்டையில் இறுக்கிக் கட்டினாள்.

"இப்பவே அளந்து முடிச்சிடாதீங்க, தம்பி. அவுங்க ஏறி வரட்டும்."