மரகதம் பார்த்த படகு

மரகதம் என்ற சரக்குக் கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், எண் எழுதாத விசைப்படகு ஒன்று தீவின் மறைவில் பதுங்கி நிற்பதைக் கண்டது. கொள்ளைக்காரப் படகு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

துறைமுக வாயிலில் காவல் படகு வழக்கம்போல் கேட்டது. "என்னக்கா, வழியில ஏதாவது பார்த்தீங்களா?"

போன மழைக்காலத்தில் இப்படித்தான் ஒன்றைப் பார்த்து, மரகதம் உள்ளபடி சொன்னது. "உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கே ஏன் போனீங்க?" என்று ஐந்து நாள் வெளியிலேயே நிறுத்தி விசாரித்தார்கள். வயிற்றிலிருந்த வெங்காயமெல்லாம் அழுகிப்போனது.

"கடலைத்தான் பார்த்தேன் தம்பி," என்றது மரகதம். காவல் படகு சிரித்துக்கொண்டே வழிவிட்டது.

மறுநாள் வரவேண்டிய சின்னக் கப்பல் செண்பகம் வரவில்லை. அது எப்போதும் மரகதம் போன தடத்திலேயே வரும். "அக்கா போன வழியில பயமில்லை" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லும்.

மூன்றாம் நாள் காவல் படகு ஓர் உயிர்காப்பு வளையத்தோடு வந்தது. அதில் செண்பகத்தின் பெயர் பாதி அழிந்திருந்தது.

"தீவுக்கிட்ட மிதந்துச்சுக்கா. யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடிப்போயிருப்பேனே."

'சொன்னதற்குத்தானே ஐந்து நாள் நிறுத்தினாய்' என்று கேட்க மரகதத்துக்கு வாய்வரை வந்தது. அந்தப் பெயரைப் பார்த்ததும் கேட்க முடியவில்லை.

"நான் பார்த்தேன் தம்பி," என்றது.

காவல் படகின் முகம் மாறியது. "அப்படின்னா கொஞ்சம் வெளியே வந்து நில்லுங்க. விசாரிக்கணும்."

எத்தனை நாள் என்று இந்த முறை மரகதம் கேட்கவில்லை. வெளியே போய் நங்கூரத்தை இறக்கியது.